இடது பக்கம் போட்டவள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும், சமையல்கட்டு ஜன்னல் வழியாக, பைபர் வேலைக்குப் பூசும் ரெசின் வாசனை வந்தது. படகுப் பட்டறையில் அந்த வாசனை வந்தால் அது வேலை. முகமூடியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு என் பாட்டுக்குப் போய்விடுவேன். வீட்டுக்குள் வந்தால் அது நீ. அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடித் தொட்டி ஒழுகுகிறதென்று உள்ளே பைபர் பூச ஆள் கூப்பிட்டிருக்கிறார். தொட்டி மேல் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. ஆள் உள்ளே.

"அண்ணா, வெளிய வாங்க! மொதல்ல வெளிய வாங்க!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒரு தலை எட்டிப் பார்த்தது. "இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"மேல ஒரு ஆள் நிக்காம உள்ள இறங்காதீங்க. ஃபேன் வச்சு காத்து விடச் சொல்லுங்க."

"பத்து நிமிசத்து வேலக்கா. இதுக்கு ஃபேனுலாம் எவன் குட்பான்?"

எங்கள் கூடத்து மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் நானே வைத்தேன். அவர் வேலை முடியும்வரை முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை "அண்ணா" என்று கூப்பிடுவேன், அவர் "கீறேன்க்கா, கீறேன்" என்பார். கடைசியில் அலுத்துப்போய்ப் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கீழே இருந்து, உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் உடனே செய்கிற ஜாதி நான் இல்லை என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்.

படகு கட்டும் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்து நாம் இருவரும் ஒரே நாளில் அம்பத்தூரில் அந்த ஷெட்டுக்கு வந்தோம். நான் அண்ணனூரிலிருந்து, நீ பட்டாபிராமிலிருந்து. கூட்டத்தில் பெண்கள் மொத்தம் நான்கு பேர். வாசலில் டீ விற்கிறவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "அம்பத்தூர்ல கடலு எங்க கீதுமா, போட்டு கட்டப் போறீங்க?" என்றார். நீ டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "மழை பேஞ்சா உன் கடை வாசல்ல கீது, மறந்துட்டியா நைனா?" என்றாய். அந்த மனுஷன் அதற்கப்புறம் நம்மிடம் வாயே கொடுக்கவில்லை. உண்மையும் அதுதானே. வெள்ளத்தில் நம் பக்கத்துத் தெருக்களுக்குள் படகு வந்த பிறகுதான் இங்கேயும் படகு வேண்டும், அதைச் செய்ய ஆள் வேண்டும் என்று அந்தப் பயிற்சியே ஆரம்பித்தார்கள்.

எனக்கு அது வீட்டைவிட்டு வெளியே வர ஒரு சாக்கு. ஆறு மாதம், பயணப்படி, கடைசியில் ஒரு சான்றிதழ். பாஸ் பண்ணினால் வேலைக்குப் போ, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இரு என்று மாமியார் சொல்லியிருந்தார். உன் கதை வேறு. நீ ஏற்கெனவே பைபர் வேலைக்காரி. தொழிற்சாலைகளின் பெரிய பெரிய தொட்டிகளுக்குள் இறங்கி உட்பக்கம் ரெசின் பூசும் கூலி வேலையை ஏழு வருஷம் செய்திருந்தாய். உன் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றும்போது இடுப்பு போய்ப் படுத்தபின் ஆரம்பித்த வேலை. மகள் பதினொன்றாம் வகுப்பு. முதல் வாரமே என்னிடம் சொன்னாய், "தொட்டிக்குள்ள எறங்குறது போதும்டி எனக்கு. உள்ள போனா தலை கிர்ருனு சுத்துது. சர்ட்டிபிகேட்டு ஒண்ணு வாங்கிட்டன்னா மேல நின்னு, காத்துல நின்னு வேல செய்லாம்." அவ்வளவுதான் நீ கேட்டது. காற்றில் நின்று வேலை செய்ய வேண்டும்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வந்தவர், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்று தெரிந்த அன்றே எனக்குப் பேர் வைத்துவிட்டாய். சாயங்கால ரயிலில், நிறைந்த பெட்டியில், அந்தக் கோடியிலிருந்து "ஏய் குவார்ட்டரு, இங்க எடம் கீது வா!" என்று நீ கூவினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். நான் வெட்கத்தில் செத்துப்போவேன். உனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி நீ சொன்னது. மாஸ்டர் பலகையில் எழுதிப் போட்டதை நீ கையில் காட்டுவாய். வேலைக்கு முன் கையெல்லாம் பவுடர் தடவிக்கொள்ள வேண்டும், கண்ணாடி நார் குத்தினால் சொறியக் கூடாது, வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளிக்கவே கூடாது, மயிர்க்கால் திறந்து நார் உள்ளே போய்விடும் என்பாய். அதை நம்பாமல் முதல் நாள் நான் வெந்நீரில் குளித்து ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடந்ததை வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தவளும் நீதான். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் கணக்கும் உன்னிடம் படித்ததுதான். ஒரு கிலோவுக்கு ஒரு மூடி. மதிய வெயிலில் முக்கால் மூடி. அதற்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், ஆனால் கண்ணாடி நார்ப் பாயில் ஊறுவதற்கு முன்னாலேயே இறுகிவிடும். உள்ளே காற்று நின்றுவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கடைசி மாதம் இரண்டிரண்டு பேராக ஒரு சின்னப் படகு செய்ய வேண்டும், அதுதான் தேர்வு. அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை அடுக்கடுக்காகப் பரப்பி, ரெசின் விட்டு, உருளையால் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். பதிவேட்டில் இடது பக்கம் உன் பேர், வலது பக்கம் என் பேர். ஆனால் ஷெட்டில் இடது பக்கம் ஒரு தூண் இருந்தது. நீயோ இடது கைக்காரி. உருளையை இழுக்கும்போதெல்லாம் உன் முழங்கை தூணில் இடித்தது. "இது ஆவாதுடி, நீ இந்தாண்ட வா" என்று இரண்டாம் நாளே பக்கம் மாறிக்கொண்டோம். மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நமக்குத் தோன்றவில்லை. செய்வது ஒரே படகு, இதில் என்ன இடது வலது என்று இருந்தோம்.

என் நாத்தனாருக்கு வளைகாப்பு வைத்திருந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்கு நினைவிருந்தது, அதுதான் விஷயம். மாஸ்டர் அன்றைக்கு லீவு. கடைசி இரண்டு அடுக்கு பாக்கி. நான் மூன்று மணி ரயிலைப் பிடித்தால்தான் தலை சீவி, புடவை கட்டி, சபையில் போய் நிற்க முடியும். ஒரு கிலோ ரெசினுக்கு இரண்டு மூடி ஊற்றினேன். மதிய வெயில், தகரக் கூரை. உருளையைக் கையில் எடுப்பதற்குள் பக்கெட் சுட்டது.

"இன்னாடி, பக்கெட்டு பொகையுது?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாய்.

"ஒண்ணுமில்ல, ஆயிடுச்சு."

"எங்க ஆச்சு? வெள்ளை வெள்ளையா நிக்குது பாரு. ஊறவேயில்ல. பச்சையா கீறப்பவே பேத்துட்டு புச்சா போட்லாம்டி. நான் வர்றேன் இரு."

"வேண்டாம்டி, நேரமாச்சு. மேல சாம்பல் கலர் விட்டா தெரியாது."

நான் சாம்பல் நிறம் கலந்த ரெசினை ஒரு கை மேலே இழுத்துவிட்டுக் கிளம்பினேன். வளைகாப்பில் எனக்கும் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். எல்லாரும் பாடினார்கள். நானும் பாடினேன். அந்தப் படகைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். கையில் பழைய ஐந்து ரூபாய் நாணயம். படகின் உடம்பை அதால் தட்டிக்கொண்டே நடந்தார். நன்றாக ஒட்டிய இடம் டங் என்னும், உள்ளே காற்று நின்ற இடம் டொப் என்னும். வலது பக்கம் முழுக்க டங் டங் என்று போனது. உன் கை வேலை. இடது பக்கம் வந்தார். நடுவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் அகலத்துக்கு டொப் டொப். திரும்பத் திரும்பத் தட்டினார். ஒரு சின்ன உளியால் கீறிப் பார்த்தார். சாம்பலுக்கு அடியில் வெள்ளைவெளேரென்று காய்ந்த நார்.

"இதுல ஆறு பேர ஏத்தி வெள்ளத்துல விடுவீங்களா? யார் போட்டது இந்தப் பக்கம்?"

ஆபீஸ் ஆள் பதிவேட்டைப் புரட்டி உன் பேரைப் படித்தார்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை. பேருந்தில் பக்கத்தில் இருப்பவள் டிக்கெட்டை எடுக்கட்டும் என்று பார்ப்பது போல, சாதாரணமாகப் பார்த்தாய். சொல்லிவிடுவேன் என்று நினைத்தாய். நான் என் நகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில் சாம்பல் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் உன்னிடம், "என்னம்மா, ஏழு வருஷம் பைபர் வேலை செஞ்சவங்கன்னு போட்டிருக்கு, இதுதானா?" என்று கேட்டார். நீ "சார்..." என்று ஆரம்பித்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய். அவர் பேனாவால் ஏதோ எழுதினார். எல்லாம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

பதிவேட்டில் எழுதிய பக்கத்தை வைத்து எனக்குத் தேர்ச்சி. உனக்கு ஆறு மாதம் கழித்து மறுதேர்வு.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் அழுதது யார் என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நான்தான் அழுதேன். நீ உன் முந்தானையைக் கொடுத்து, "அழாதடி, அல்லாரும் பாக்கறாங்க. ஆறு மாசந்தான, ஓடிப்பூடும்" என்றாய். என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். நான் அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். திருமுல்லைவாயில் தாண்டியது. இப்போது சொல்லிவிடலாம், நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் போய் மாஸ்டரைப் பார்க்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனூர் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாய்.

அடுத்த வாரம் எனக்குப் படகுப் பட்டறையில் வேலை கிடைத்தது. காற்றோட்டமான ஷெட், கூரையில் பெரிய விசிறி, முகமூடி, கையுறை. நீ திரும்பவும் தொட்டிக்குள் இறங்கினாய்.

அதற்கப்புறம் வந்த நாலு மாதத்தில் நீ எத்தனை முறை போன் பண்ணினாய்! பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். பட்டறை எப்படி, சாப்பாடு என்ன, மேஸ்திரி திட்டுகிறாரா என்று கேட்பாய். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், மறுதேர்வுக்குப் படிப்பவள் போல ஒரு கேள்வி. "மதியத்துல ரெசினு கலக்கச்சொல்லோ எத்தினி மூடி ஊத்தணும்டி?" என்பாய். நான் பெரிய வாத்தியாரம்மா மாதிரி, "கிலோவுக்கு முக்கால் மூடி" என்பேன். "ம்" என்பாய். உடனே போனை வைக்க மாட்டாய். "செரி, வைக்கட்டா?" என்பாய். அடுத்த வாரம் மறுபடி அதே கேள்வி. இவளுக்கு என்ன ஆச்சு, எனக்கே சொல்லிக்கொடுத்தவளுக்கு மறந்துபோகுமா என்று ஒரு தடவை எரிச்சல்கூடப் பட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாஸ்டர் போனில் கூப்பிட்டார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு தொழிற்சாலை, தரைக்கு அடியில் தொட்டி. காற்று விடும் விசிறி வைக்கவில்லை. மேலே நிற்க வேண்டிய பெண்ணை வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் திரும்பி வந்து கூப்பிட்டபோது உள்ளேயிருந்து பதில் இல்லை. உன்னைத் தூக்கி வெளியே படுக்க வைத்தபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். பக்கெட்டில் ரெசின் கல்லாக இறுகி, உன் உருளை அதற்குள் நட்டுக்கொண்டு நின்றதாம். அப்படியானால் எவ்வளவு நேரம் யாரும் பார்க்காமல் கிடந்திருப்பாய்! ரெசின் இறுகும் நேரம் எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

சாவுக்கு வந்தேன். கூட்டத்தோடு நின்றேன், கூட்டத்தோடு அழுதேன். எல்லாரும் சிநேகிதி என்று எனக்கு வழி விட்டார்கள். சடங்கெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, உன் வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பட்டாபிராமுக்குப் போனேன். அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உன் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இரண்டு மூடி, வளைகாப்பு, சாம்பல் கலர், பதிவேடு. ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் நடுவில் நிறுத்தவே இல்லை. முடித்ததும், "தெரியும்மா" என்றார்.

"உங்களுக்கா அண்ணா?"

"பரிச்ச அன்னிக்கே வந்து சொல்ட்டா. நீ போய் ஆபீசுல சொல்ல வேண்டிதானன்னேன். வாணாம், அவளே சொல்லுவா, நல்ல பொண்ணுதான், பயந்துக்கினா அவ்ளோதான்னா." கையை ஊன்றிச் சுவரில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன் பண்ணுவா உனக்கு. வச்சதும் நான் கேப்பேன், சொன்னாளான்னு. இன்னும் இல்ல, அடுத்த வாட்டி சொல்லுவான்னு சொல்லுவா."

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த முக்கால் மூடி எனக்குப் புரிந்தது. உனக்கு எதுவும் மறக்கவில்லை. நீ எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய், வாராவாரம். நான் ஒவ்வொரு தடவையும் அளவைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் மானத்தை நானே காப்பாற்றிக்கொள்ள இடம் விட்டாயே, பாவி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பெட்டி முழுக்கக் கேட்கக் குவார்ட்டரு என்று கூவத் தெரிந்த உனக்கு, "சொல்லித் தொலைடி" என்று கத்தத் தெரியவில்லையா? உன்மேல்கூடக் கோபம் வருகிறது, பார். வெட்கம் கெட்ட கோபம்.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர், "அவ பேர்ல ஃபெயிலுன்னு எழுதிக்கீதாமே, அது மட்டும் நல்லா இல்லமா" என்றார். என்மேல் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அடித்திருந்தால் தேவலை.

மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பயிற்சி மையத்துக்குப் போனேன். மாஸ்டர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். இடது பக்கம் போட்டவள் நான், வலது பக்கம் போட்டவள் அவள், ரிசல்ட்டை மாற்றி எழுதுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இறந்து போனவங்க ரிசல்ட்ட இப்ப மாத்தி என்னம்மா பண்றது?"

"அவ பேர் சுத்தமா இருக்கணும் சார்."

"செய்யலாம். எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா அவங்களுக்குப் பாஸுன்னா அந்தப் பக்கத்து ஃபெயில் உங்களுக்கு வரும். உங்க சர்டிபிகேட் ரத்தாகும், வேலைக்கும் லெட்டர் போகும். யோசிச்சுதான் வந்தீங்களா?"

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் என் பக்கம் தள்ளி வைத்தார். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். மகனுக்குப் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, மாமியாரின் வாய், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசை கட்டி வந்து நின்றன. எல்லாமே உண்மையான காரணங்கள். வளைகாப்புக்கு நேரமாகிறது என்பதும் அன்றைக்கு உண்மையான காரணம்தான்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வீட்டில் யாரையும் கேட்கவில்லை. இதோ இந்த நிமிஷம் அந்தச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன். நான் போட்ட பக்கம் எதுவும் டொப் என்று ஒலித்ததில்லை, மேஸ்திரி என்னை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கையுறையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன். உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் நான் இருந்த பெட்டியில் அவள் ஏறியதை ஒருநாள் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். அவளும் இடது கைக்காரி போலிருக்கிறது, பையை இடது தோளில் மாட்டி இடது கையாலேயே கம்பியைப் பிடித்திருந்தாள்.

உன்னை நினைத்து ஒருவரைத் தொட்டியிலிருந்து வெளியே கூப்பிட என்னால் முடிகிறது. அதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை, ஒரு மேசை விசிறி போதும். உனக்குச் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை. துக்கம் என்று எல்லாரும் சொல்வது இதுவாக இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இது துக்கம் இல்லை. நான் இப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு தினமும் எழுந்து பல் விளக்குவதற்கு வேறு ஏதோ பேர் இருக்க வேண்டும்.

நாளை திங்கட்கிழமை, மையம் திறந்திருக்கும், போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கப் பார்த்தேன். எழுதியும் விட்டேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். நீ நம்பிவிடுவாய்.